வகுப்பறைக்கு வாசல் எத்தனை?

கல்லங்குறிச்சிக்குச் சென்றிருப்போர் அங்குள்ள சுண்ணாம்புக் கல்லை உற்று நோக்கியிருப்பார்களோ என்னவோ! அரியலூரை அடுத்த இவ்வூரின் பெயரையே தாங்கிய பாறைப் படிவம் ஒன்று நிலவியல் நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், இப்பகுதி கடலுக்கு அடியில் கிடந்த காலத்தில் வாழ்ந்த சிப்பிகள் அதில் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. அந்தக் கல்தான் இன்று சிமெண்டாகி, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் தூண்களிலும் தளங்களிலும் கலந்து நிற்கிறது.

சிமெண்டு விளையும் சீமையில் பள்ளிக் கட்டடங்களுக்கு என்ன குறை இருக்க முடியும் என்று வினவத் தோன்றும். கட்டடத்தின் நன்மை சிமெண்டு மூட்டைகளின் எண்ணிக்கையில் இல்லை; முதற்கல் நடுவதற்கு முன் வரைபடத் தாளில் செலவழித்த சிந்தனையில் இருக்கிறது. அச்சிந்தனை இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை நம் மண்டலத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கு இரையானார்கள். சத்துணவு சமைத்த இடத்தில் எழுந்த நெருப்பு கீற்றுக் கூரையைப் பற்றியது. மாடியில் நெருக்கமாக அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கு வெளியேறப் போதிய வழி இருக்கவில்லை. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் விசாரித்தது. நாம் இங்கே எண்ணிப் பார்ப்பது வேறு. அடுப்பு எங்கே, கூரை எதனால் ஆனது, படிக்கட்டு எத்தனை, அதன் அகலம் எவ்வளவு என்னும் நான்கு கேள்விகளும் வரைபடத்திலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை அல்லவா?

அத்துயரத்திற்குப் பின்னர்ப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2009இல் உச்ச நீதிமன்றமும், தீக்கு அஞ்சாமல் பாதுகாப்பான இடத்தில் பயில்வது குழந்தையின் கல்வி உரிமையிலேயே அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. மாடிப் பள்ளிகளின் படிக்கட்டு குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலம் கொண்டிருக்க வேண்டும் என்றும், வெளியேறும் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. கதவு எப்பக்கம் திறந்தால் என்ன என்று கேட்போர் உண்டு. அஞ்சி ஓடும் ஐம்பது பிள்ளைகள் உள்நோக்கித் திறக்கும் கதவின்மேல் சாய்ந்துவிட்டால், அதைத் திறக்க எவராலும் இயலாது. ஒரு கீலை மாற்றிப் பொருத்தினால் தீரும் காரியம் இது. செலவு மிகச் சொற்பம்.

இனி வெயிலைப் பார்ப்போம். நம் பகுதியில் மாலை வெயில் மேற்குச் சுவரைச் சுட்டெரித்துவிடும். எனவே தேர்ந்த கட்டடக் கலைஞர் வகுப்பறை வரிசையைக் கிழக்கு மேற்காக நீட்டி, சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே வைப்பார். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். தெற்கே ஒரு தாழ்வாரம் நிழல் தரும். வலக்கையால் எழுதும் பிள்ளையின் கை நிழல் ஏட்டின்மேல் விழாதிருக்க, வெளிச்சம் இடப்புறமிருந்து வரவேண்டும் என்பது பழைய விதி. இன்றும் அது நல்ல விதியே. இடக்கைப் பிள்ளைகளுக்கும் ஏற்றபடி இருபுறமும் ஒளி வந்தால் இன்னும் சிறப்பு.

மண்ணையும் மறந்துவிடலாகாது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலோட்டமாக அடித்தளம் போட்டால் சில ஆண்டுகளில் சுவரில் விரிசல் ஓடும். இதற்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடிமுனை குமிழ்போல விரிந்த கான்கிரீட் தூண்களை ஆழத்தில் இறக்கும் முறையை வளர்த்தெடுத்தது. விரிசலுக்குச் சாந்து பூசி வெள்ளையடித்துவிடுவது செப்பனிடுதல் ஆகாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதன் பின்னரே மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்துப் பழுதானவற்றை இடிக்கும் பணி விரைவு பெற்றது. அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திற்கு ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்டது.

பணம் பெருகினால் மட்டும் கட்டடம் குளிர்ந்துவிடாது. கோட்டயத்தில் மேரி ராய் அம்மையார் நிறுவிய பள்ளியை லாரி பேக்கர் வடிவமைத்தார். வெட்டவெளியான கான்கிரீட் தளம் வெப்பத்தை வாங்கிக் கீழே இறக்கும் என்பதை அறிந்திருந்த பேக்கர், தம் கட்டடங்களில் தளத்தின் அடிப்பாகத்தில் ஓடுகளைப் பதித்து வார்க்கும் முறையைப் பரப்பினார். சிமெண்டும் கம்பியும் மிச்சமாகும், அறையும் குளிரும். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டில் காந்தோ என்னும் சிற்றூரிற் பிறந்த பிரான்சிஸ் கேரே, பெர்லினில் மாணவராக இருக்கும்போதே தம் ஊருக்கு ஒரு பள்ளி வரைந்தார். உள்ளூர்க் களிமண்ணால் கல் அறுத்து, துளைகள் விட்ட மேல்தளம் போட்டு, அதற்கு மேலே இடைவெளி விட்டுத் தகரக் கூரையை உயர்த்தினார். சூடான காற்று மேலெழுந்து அவ்விடைவெளி வழியே வெளியேறுகிறது. ஊரார் கூடிச் சுமந்து கட்டிய அப்பள்ளி 2001இல் முடிந்தது. 2022இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் விருது கேரே அவர்களுக்கு வழங்கப்பட்டது.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிறோம்; வரைபடத்திலும் அது கடைசி மூலைக்குத் தள்ளப்படுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே அமையவேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுவதோடு, தடையின்றி நுழையும் வழியும் கேட்கிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சரிவுப் பாதை வகுப்பறை வாசலோடு நின்றுவிட்டால் போதுமா? தாழ்ப்பாள், தண்ணீர், வயது வந்த மாணவியருக்கு மறைவு ஆகிய இவற்றைத் தாய்மார்களைக் கேட்காமல் எந்தக் கலைஞரும் சரியாக வரைய இயலாது என்பது நம் துணிபு.

கேட்பதற்கு வழியும் உண்டு. அதே சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வரைவதும் அக்குழுவின் வேலையே. நம் பங்குப் பள்ளிகளிலும் புதிய கட்டடப் பேச்சு எழும்போது, அர்ச்சிப்பு விழாவுக்கு நாள் குறிக்குமுன் வரைபடத்தை மேசைமேல் விரிக்கச் சொல்லுங்கள். வடக்கு எது என்று கேளுங்கள். மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி என்று விரல் வைத்து எண்ணுங்கள்.