துருவில் உறங்கும் குரல்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியின் பழைய சாமான் கடையொன்றில் நாற்பது வெள்ளிக்கு ஒரு ரீல் டேப் ரிக்கார்டர் வாங்கினேன். அடித்தட்டு முழுக்கத் துரு. ரப்பர் பெல்ட் தாராக உருகி ஒட்டியிருந்தது. இதை ஏன் பழுதுபார்க்க வேண்டும்? ஒலிநாடாவின் மேல் பூசியிருப்பதும் இரும்பு ஆக்சைடுதான், துருவின் உடன்பிறப்பு. ஒரு துரு இயந்திரத்தைத் தின்கிறது, இன்னொரு துரு மனிதக் குரலைக் காக்கிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டைக் கொண்டுவரும்வரை, வீட்டில் ஒலிப்பதிவு என்றால் பெரும்பாலும் இந்தக் கால் அங்குல நாடாதான். ரப்பர் தோட்டங்களின் துண்டாடலிலும் செம்பனை மாற்றத்திலும் வீடமைப்புத் திட்டங்களிலும் கெடா தோட்டத் தொழிலாளர் லயங்கள் பல கலைந்துவிட்டன. அங்கே ஒலித்த தாலாட்டும் ஒப்பாரியும் திருவிழாப் பாட்டும் எங்காவது ஒரு நாடாவில் எஞ்சியிருந்தால், அதைக் கேட்க ஓடும் இயந்திரம் வேண்டும்.

வாங்கியவுடன் மின்சாரத்தில் சொருகாதீர்கள். பழைய மின்தேக்கிகள் வெடிக்கலாம். விவரமறிந்தவரிடம் கொடுத்து அவற்றை மாற்றுங்கள். பெல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். நாடா உரசும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவில் புளித்த காடி வாடை வந்தால் அது அசிடேட் நாடா, சிதையத் தொடங்கிவிட்டது. அதைத்தான் முதலில் கணினியில் பதிவேற்ற வேண்டும். நம் ஈரக்காற்று யாருக்காகவும் காத்திருக்காது.

பீடோங், கூலிம், லூனாஸ் என்று ஊருக்கு ஓர் இயந்திரமாவது கோயிலிலோ தமிழ்ப்பள்ளியிலோ ஓடும் நிலையில் இருக்கட்டும். பால்மரக் காட்டில் உழைத்தவர்களின் படங்கள் கொஞ்சமாவது நம்மிடம் உண்டு. அவர்களின் குரலையும் பேரப்பிள்ளைகள் கேட்க வேண்டும்.