மண்டைதீவு மைதானமும் நெடுந்தீவுப் பெடியனும்

2024 மே மாதத்தில் ரி20 உலகக் கிண்ணத்துக்கான இலங்கைக் குழாம் அறிவிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் பலருடைய கண் பதினைந்து பெயர்களையும் தாண்டி அடிவரிக்கே போனது. அணியோடு பயணிக்கும் மேலதிக வீரர்கள் என்று அங்கே நான்கு பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று விஜயகாந்த் வியாஸ்காந்த், யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர், லெக் சுழற்பந்து வீச்சாளர். காயத்தால் விலகிய வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அழைக்க, அந்த மாதமே ஐபிஎல்லில் பந்து வீசியவர். உலகக் கிண்ணத்தில் அவருக்கு ஓர் ஓவர் வீசவும் வாய்ப்பு வரவில்லை. இருந்தும் அந்த அடிவரியை வெட்டி வைத்துக்கொண்ட வீடுகள் இங்கே இருக்கும்.

இரசிகருக்குப் போட்டி தொடங்குவதற்கு முந்தைய கிழமைகள்தான் பெரிய திருவிழா. யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள், நான்காவது வேகப்பந்து வீச்சாளர் தேவையா என்று வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் தேத்தண்ணிக் கடைகளில் விவாதம் சூடாகும். 2027 ஒக்டோபர், நவம்பரில் இரண்டு உலகக் கிண்ணங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன: ஒருநாள் துடுப்பாட்டம் தென்னாபிரிக்கா, சிம்பாப்வே, நமீபியாவில், ரக்பி அவுஸ்திரேலியாவில். ரக்பியில் இம்முறை 24 நாடுகள். ஆசியாவிலிருந்து ஜப்பானோடு ஹொங்கொங்கும் முதன்முறையாக நுழைந்திருக்கிறது. இலங்கை இல்லை.

கொழும்பில் 1879இலேயே ரக்பிக் கழகம் தொடங்கிய நாடு இது. றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. அந்தப் போட்டிக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்தால் இது ரக்பி நாடு என்றே தோன்றும். ஆனால் ஆட்டக்காரர் பெரும்பாலும் கொழும்பு, கண்டி, இன்னும் சில நகரங்களின் பெரிய பாடசாலைகளிலிருந்துதான் வருகிறார்கள். தீவகத்துப் பிள்ளைக்கு அது தொலைக்காட்சியில் பார்க்கும் விளையாட்டு. பாடசாலை மைதானங்கள் எவ்வளவு தூரம் பரந்திருக்கின்றனவோ, தேசியக் குழாமும் அவ்வளவு தூரம்தான் பரக்கும்.

துடுப்பாட்டம் இதைவிடப் பல மைல் முன்னே போனது. லசித் மாலிங்க காலிக்கு அருகேயுள்ள ரத்கமவில், கடற்கரையில் மென்பந்து விளையாடி வளர்ந்தவர். அவருடைய அந்த வினோதமான கைவீச்சைக் காலியில் கண்டு, மாற்றாமல் வளர்த்தெடுத்தவர் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க. காலியில் சர்வதேச மைதானம் இருந்தது உண்மை. அதைவிட முக்கியமானது, அங்கே பார்க்கத் தெரிந்த ஒரு கண் இருந்தது. நெடுந்தீவிலும் கடற்கரை இருக்கிறது, மென்பந்து இருக்கிறது, காற்றை எதிர்த்து எறிந்து பழகிய கைகள் இருக்கின்றன. கண்தான் இன்னும் கடல் தாண்டவில்லை.

இந்த நேரத்தில்தான் மண்டைதீவில் சர்வதேச மைதானம் வருகிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். ஒதுக்கிய காணி 138 ஏக்கர். இந்தச் செய்தியில் எனக்கும் மகிழ்ச்சிதான். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு தடவை கிண்ணம் வென்றது. அந்த நான்கு ஆண்டுகளிலும் யாழ்ப்பாணத்து மண்ணில் ஒரு போட்டிகூட நடக்கவில்லை. 2020இல் வியாஸ்காந்த் அந்த அணிக்கு முதலில் ஆடி அஞ்சலோ மத்தியூஸை வீழ்த்தியதும் அம்பாந்தோட்டையில்தான். ஊரின் பெயரைச் சட்டையில் எழுதிவிட்டு ஆட்டத்தை வேறு ஊரில் நடத்துவது இனியாவது நிற்கட்டும்.

ஆனால் மண்டைதீவு எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் மண்டைதீவுச் சந்தி. யாழ்ப்பாண நகரத்துக்கு அது முற்றம் மாதிரி. அங்கே மைதானம் கட்டுவதைத் தீவகத்துக்குக் கிடைத்த வரம் என்று மேடைகளில் பேசினாலும், நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அது கடலுக்கு அப்பால்தான்.

கடினப்பந்து பழக விரும்பும் ஒரு நெடுந்தீவு மாணவனை எடுத்துக்கொள்வோம். காலையில் இறங்குதுறைக்குப் போய் குமுதினியையோ வேறு படகையோ பிடித்து, ஏறக்குறைய ஒரு மணிநேரம் கடலில் இருந்து, குறிகட்டுவானில் இறங்க வேண்டும். அங்கிருந்து பேருந்தில் புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணை. பயிற்சி மாலையில் என்றால் திரும்பப் படகு இல்லை. நகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாதவனுக்கு விளையாட்டு அங்கேயே முடிந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பாடசாலைத் துடுப்பாட்டப் பருவம் செப்டெம்பரில் தொடங்கி மார்ச்சில் பெரும் போட்டிகளோடு முடிகிறது. அதில் பாதி மாரிகாலம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அட்டவணை போடுகிறவர்கள் தரையில் வாழ்கிறவர்கள். தவறு என்று சொல்லவில்லை, ஆனால் அவர்கள் அட்டவணையில் வாடைக்காற்றுக்கு இடமில்லை.

இதற்கு அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தீவகப் பாடசாலைகளில் பிள்ளைகள் குறைவு. 1990க்குப் பிறகான இடப்பெயர்வு தீவுகளை வெறுமையாக்கியது. போனவர்களில் பெரும்பங்கு ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இலண்டனிலும் இருக்கிறது. பதினைந்து வயதுக்குட்பட்ட பதினொரு பேரை ஒரே பாடசாலையில் திரட்டுவதே பல இடங்களில் பெரும்பாடு. உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் வெறுங்காலும் போதும், அதனால்தான் அது தீவகத்தில் நின்றுபிடித்தது. கடினப்பந்துக்கு மட்டை, காற்காப்பு, கையுறை, தலைக்கவசம், விரிப்பு போட்ட ஆடுதளம், பயிற்றுநர் எல்லாம் தேவை. பாடசாலைத் துடுப்பாட்டமோ பாடசாலையின் பெயரில்தான் நடக்கிறது. பதினொரு பேர் இல்லாத பாடசாலைக்கு அணி இல்லை. அணி இல்லாத பாடசாலையின் பிள்ளைக்கு ஓட்டக் கணக்கு இல்லை, விக்கெட் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதவனைத் தெரிவாளர் எதைப் பார்த்து அழைப்பார்?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். தீவகப் பாடசாலைகள் சேர்ந்து ஒரே கூட்டு அணியாகக் கடினப்பந்துப் போட்டிகளில் ஆட அனுமதி வேண்டும். தீவகக் கல்வி வலயம் என்று ஒன்று இருக்கிறது. அந்த வலயத்தின் பெயரிலேயே பதினைந்து வயதுக்குட்பட்டோர், பதினேழு வயதுக்குட்பட்டோர் அணிகள் ஆடட்டும். நெடுந்தீவில் மூன்று பேர், நயினாதீவில் இரண்டு பேர், ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் மிச்சப் பேர். பெண்பிள்ளைகளுக்கும் அப்படியே.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால் தர்ஜினி சிவலிங்கத்தை நினைக்காமல் இருக்க முடியாது. புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஈவினையில் பிறந்து, இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்காக ஆசியக் கிண்ணங்களை வென்று, 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டவரையும்விட அதிகக் கோல்கள் போட்டவர். அவருடைய கைத்திறன் அரிது. அதோடு ஆறடி பத்தங்குல உயரமும் இருந்தது. அவ்வளவு உயரமான பிள்ளையை எந்த ஊரில் இருந்தாலும் யாராவது கவனிப்பார்கள். சாதாரண உயரத்தில் நல்ல சுழற்பந்து வீசும் ஒரு நயினாதீவுப் பெண்பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. அவளை யாராவது தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தேடிப் போவது முடியாத காரியமும் இல்லை. இலங்கை உதைபந்தாட்ட அணி அண்மைய ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்கத் தேடி, சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் போன்ற தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து நாட்டின் சட்டையைக் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம், எனக்கு அதில் பெருமை. சுவீடன்வரை போன தேடல் குறிகட்டுவானிலிருந்து ஒரு படகு ஏற ஏன் தயங்க வேண்டும் என்பதே கேள்வி.

மண்டைதீவுக் காணியைப் பற்றி இரண்டு விடயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்டற்காடும் ஈரநிலமும் உள்ள இடத்தில் இத்தனை பெரிய கட்டுமானம் தகுமா என்று சூழலியலாளர்கள் கேட்கிறார்கள். கடல்நீர் எங்கே புகும், எங்கே வடியும் என்று தெரிந்த மண்டைதீவு மீனவரிடமும் கேட்டுத்தான் வேலை நடக்க வேண்டும். 1990இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் குடும்பங்கள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கின்றன. கொங்கிரீட் போடும் அவசரத்தில் அவர்களுடைய கேள்வி அமுங்கிவிடக் கூடாது.

2026 ரி20 உலகக் கிண்ணத்தை இந்தியாவோடு சேர்ந்து நடத்தும் பொறுப்பு இலங்கைக்குக் கிடைத்தபோதும், இங்கே போட்டிகள் ஒதுக்கப்பட்டது கொழும்பின் இரண்டு மைதானங்களுக்கும் பல்லேகலைக்கும்தான். மண்டைதீவுக்கு ஒரு சர்வதேசப் போட்டி வர இன்னும் காலம் எடுக்கும். அதுவரை பார்வையாளர் அரங்குக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. அந்தக் காணியில் முதலில் எழ வேண்டியவை பயிற்சி வலைகளும், வெள்ளியிரவு வந்து ஞாயிறு மாலை திரும்பும் தீவுப் பிள்ளைகள் தங்க ஒரு விடுதியும். வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் ஒவ்வொரு விரிப்பு ஆடுதளம், வலயத்துக்கு முழுநேரப் பயிற்றுநர் ஒருவர், மாரி தொடங்குமுன் நெடுந்தீவிலேயே ஒரு தெரிவு. புலம்பெயர்ந்த ஊர் ஒன்றியங்கள் கோயிலுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் அள்ளிக் கொடுக்கின்றன; மட்டைக்கும் காற்காப்புக்கும் கேட்டால் மறுக்கமாட்டார்கள். கூட்டு அணிக்கான அனுமதியை மட்டும் காசு கொடுத்து வாங்க முடியாது. அது வடமாகாணக் கல்வித் திணைக்களமும் பாடசாலைத் துடுப்பாட்டச் சங்கமும் கையெழுத்திட வேண்டிய ஒரு கடதாசி. அடுத்த செப்டெம்பர் பருவத்துக்கு அணிகளைப் பதியுமுன் அது கையில் வர வேண்டும்.