ஒரே அளவுகோல்னா எல்லாருக்கும் அதே அளவுகோல்

1/ போன வாரம் எங்க டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பழைய தீர்ப்போட ஸ்க்ரீன்ஷாட் மறுபடி சுத்துச்சு. ஆயுர்வேத டாக்டர்களுக்கு எம்பிபிஎஸ் டாக்டர் சம்பளம் கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. கீழ வரிசையா கைதட்டல் எமோஜி. நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். அன்னிக்கு நைட் டூட்டியில கொஞ்சம் நேரம் கிடைச்சப்போ தீர்ப்பை முழுசா படிச்சேன். படிச்சு முடிச்சதும் கட்டைவிரலை எடுத்துட்டேன். ஏன்னு சொல்றேன். த்ரெட் நீளம், பொறுமையா படிங்க.

2/ முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் அரசு மருத்துவர். எம்பிபிஎஸ். நாட்றம்பள்ளி பக்கம் வேலை. சர்வீஸ்ல சேர்ந்து 10 வருஷம் ஆச்சு. நான் பேசப்போற விஷயத்துல எனக்கு நேரடி லாப நஷ்டம் இருக்கு. அதை மறைச்சுட்டு நியாயம் பேச விரும்பல.

3/ வழக்கு இதுதான். குஜராத் அரசு எதிர் டாக்டர் பி.ஏ. பட். அரசு டாக்டர்களோட ஊதியம், பதவி உயர்வு பத்தி 1990-ல திக்கு கமிட்டி பரிந்துரை கொடுத்துச்சு. அந்த உயர் ஊதியம் எங்களுக்கும் பொருந்தும்னு குஜராத் அரசுப் பணியில இருந்த ஆயுர்வேத டாக்டர்கள் கேட்டாங்க. 2012-ல குஜராத் ஹைகோர்ட் "பொருந்தும்"னு சொல்லிச்சு. 2023 ஏப்ரல் 26-ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு.

4/ என்ன காரணம் சொன்னாங்க? எம்பிபிஎஸ் டாக்டர்தான் எமர்ஜென்சி பார்க்கிறார், விபத்துல அடிபட்டு வர்றவங்களைப் பார்க்கிறார், ஆபரேஷன்ல கூட நிக்கிறார், போஸ்ட்மார்ட்டம் பண்றார். பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில நூத்துக்கணக்கான பேரைப் பார்க்கிறார். ரெண்டு பேரும் செய்யறது சமமான வேலை இல்லை, அதனால சம ஊதியம் கேட்க முடியாது. இதுதான் தீர்ப்போட சாரம்.

5/ இந்த முடிவு எனக்கு சரின்னுதான் படுது. எங்க பக்கம் ஒரு ராத்திரி எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குப் புரியும். சென்னை - பெங்களூரு ஹைவே ஊரை ஒட்டி ஓடுது. பன்னெண்டு மணிக்கு மேல 108 சத்தம் கேட்டா பாதி நாள் அது பைக்கும் லாரியும்தான். ஒரு பக்கம் தையல், ஒரு பக்கம் ஏ.ஆர். என்ட்ரி, இன்னொரு பக்கம் "அடுக்கம்பாறைக்கு அனுப்பணும், வண்டி ரெடி பண்ணுங்க". நடுவுல கொல்லையில பாம்பு கடிச்சுதுன்னு ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வருவாங்க. காலைல எட்டு மணிக்கு ஓ.பி. வரிசை கேட்டைத் தாண்டி நிக்கும்.

6/ ஆனா குரூப்ல கைதட்டின நண்பர்களே, தீர்ப்பைப் படிச்சீங்களா? படிப்பை வச்சு ஊதியத்துல வேறுபாடு காட்டலாம்னு கோர்ட் சொல்லியிருக்கு, உண்மைதான். ஆனா உங்க படிப்பு உசத்தி, அவங்க படிப்பு மட்டம்னு எங்கயும் சொல்லல. பாரம்பரிய மருத்துவத்தோட முக்கியத்துவத்தை ஒத்துக்கிட்டுதான் முடிவுக்கே வர்றாங்க. அந்த முடிவைத் தாங்கி நிக்கிறது ஒரே ஒரு கேள்வி: நீ என்ன வேலை செய்யற?

7/ இப்போ அதே கேள்வியை நம்ம பக்கம் திருப்பிப் பார்ப்போம்.

மத்திய அரசு டாக்டர்களுக்கு 2008 அக்டோபர் 29-ல ஒரு உத்தரவு வந்துச்சு. பதவி காலியாகுதா இல்லையான்னு பார்க்காம, சர்வீஸ் வருஷத்தை வச்சு மேல போற திட்டம். 4 வருஷத்துல ஒரு படி, 9-ல அடுத்தது, 13-ல பே பேண்ட் 4, 20-ல அதுக்கும் மேல.

8/ தமிழ்நாட்டுல 2009 அக்டோபர் 23-ல அரசாணை 354 வந்துச்சு. கலைஞர் ஆட்சி. வந்தப்போ அது முன்னேற்றம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா கணக்கைப் பாருங்க. இங்க 8, 15, 17, 20. அங்க 13 வருஷத்துல கிடைக்கிற ஊதியப்பட்டை 4 இங்க 20 வருஷத்துல. ஏழு வருஷம் வித்தியாசம்.

9/ என் கூடப் படிச்சவன் ஒருத்தன் மத்திய அரசு ஆஸ்பத்திரியில இருக்கான். ஒரே ஹாஸ்டல், ஒரே வருஷம் வேலையில சேர்ந்தோம். அவன் ரெண்டு படி ஏறிட்டான், நான் ஒண்ணு. அவன் மேல எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு அது கிடைக்க வேண்டியதுதான். ஆனா அவன் பார்க்கிற ஹார்ட் அட்டாக்கும் நான் பார்க்கிற ஹார்ட் அட்டாக்கும் வேற வேறயா? அவன் ஊர்ல பாம்புக்கு விஷம் ஜாஸ்தியா?

10/ அரசு மருத்துவர்கள் கேட்டது 5, 9, 11, 12. அதாவது 12 வருஷத்துல ஊதியப்பட்டை 4. "மத்திய அரசை விட ஒரு வருஷம் முன்னாடி கேக்கறீங்களே"ன்னு சிலர் சொல்வாங்க. சரி, 13-னே வச்சுக்குங்க. பேரம் பேசவாவது எதிர்ல ஆள் வேணுமே.

11/ 2019 அக்டோபர் 25-ல ஸ்ட்ரைக் ஆரம்பிச்சுது. ஊதியம் மட்டும் இல்லை, நோயாளி எண்ணிக்கைக்கு ஏத்த டாக்டர் பணியிடம் வேணும்னும் கேட்டோம். நவம்பர் 1-ல முடிஞ்சுது. பதிலா கிடைச்சது 17(பி) மெமோ, நூத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு டிரான்ஸ்ஃபர். 2020 பிப்ரவரியில சென்னை ஹைகோர்ட் அந்த டிரான்ஸ்ஃபர்களை ரத்து பண்ணுச்சு.

12/ அந்தப் போராட்டத்தை முன்ன நின்னு நடத்தினவங்கள்ல ஒருத்தர் டாக்டர் லட்சுமி நரசிம்மன். 2020 பிப்ரவரியிலேயே இறந்துட்டார். ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளுக்குப் போட்டோ போடறோம், மாலை போடறோம். அவர் கேட்ட அரசாணைத் திருத்தத்தைப் பத்தி எத்தனை பேர் அதே போஸ்ட்ல எழுதறோம்?

13/ அன்னிக்கு ஆட்சியில அதிமுக. எதிர்க்கட்சித் தலைவரா இருந்த மு.க. ஸ்டாலின் நேர்ல வந்து ஆதரவு சொன்னார். 2021 மே மாசம் அவரே முதல்வர் ஆனார். அந்த வருஷம் அரசாணை 293 வந்துச்சு. அதுல இருந்தது படிகள். எங்க சங்கங்களுக்குள்ளயே அதுக்கு ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. படி வேற, ஊதியப்பட்டை வேற. படி இன்னிக்கு வரும், நாளைக்கு நிக்கும். ஊதியப்பட்டைதான் அடிப்படைச் சம்பளத்தையே நிர்ணயிக்கும், ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் கூட வரும். நாங்க கேட்டது ஒண்ணு, கொடுத்தது இன்னொண்ணு.

14/ "நியாயம் இருந்தா கோர்ட்டுக்குப் போங்களேன்"னு சொல்றவங்களுக்கு. 1982-ல ரண்தீர் சிங்னு டெல்லி போலீஸ்ல ஒரு டிரைவர் கான்ஸ்டபிள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மத்த துறையில வண்டி ஓட்டறவனுக்கு ஒரு சம்பளம், போலீஸ் வண்டி ஓட்டற எனக்குக் கம்மி சம்பளமான்னு கேட்டார். துறை வேறங்கறதே காரணம் ஆகாதுன்னு நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். சம வேலைக்குச் சம ஊதியம்ங்கறது அரசியலமைப்போட 39(டி)-ல இருக்கு. 14-ம், 16-ம் பிரிவோட சேர்த்துப் படிச்சா அதுக்கு நிஜமான பலம் உண்டுன்னு நிலைநாட்டின தீர்ப்பு அது.

15/ ஆனா அதுக்கப்புறம் கோர்ட்டுகள் கொஞ்சம் கொஞ்சமா எல்லை போட்டுடுச்சு. ஊதியம் நிர்ணயிக்கிறது அரசோட வேலை, நிபுணர் குழுவோட வேலை, நிதிநிலை பார்க்கணும், நாங்க லேசில் தலையிட மாட்டோம். முக்கியமா, முதலாளி ஒருத்தரா இருக்கணும். மத்திய அரசும் மாநில அரசும் வேற வேற முதலாளி. அவன் வாங்கறான்ங்கறதுக்காக நான் உரிமையா கேட்க முடியாது. சட்டப்படி எங்க வழக்குல பலவீனமான இடம் இதுதான். மறைக்க விரும்பல.

16/ அதனாலதான் "கோர்ட்டுக்குப் போ"ங்கறது அரசுக்கு வசதியான பதில். போனா "இது கொள்கை முடிவு, கோர்ட் தலையிடக் கூடாது"ன்னு அஃபிடவிட் போடும். அந்தக் கொள்கையை மாத்துங்கன்னு கேட்டா "சட்டப்படி பாத்துக்கலாம்"னு சொல்லும். ரெண்டு கவுன்டருக்கும் நடுவுல நம்மை நடக்க விடும். ஓ.பி. சீட்டுக்கு நோயாளியை அலைய விடற மாதிரி.

17/ தீர்ப்பே கிடைச்சாலும் என்ன ஆகும்னு எங்க ஊர்க்காரங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால பாலாறு கெட்டுச்சுன்னு 1996 ஆகஸ்ட் 28-ல சுப்ரீம் கோர்ட் கொடுத்தது நாடு முழுக்க மேற்கோள் காட்டற தீர்ப்பு. சட்டக் கல்லூரி மாணவனுக்கு வேலூர்ங்கற பேரே அதுலதான் அறிமுகம். அதே பிரச்சனைக்கு 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. நடுவுல 28 வருஷம். வாணியம்பாடி, ஆம்பூர் கிணத்துத் தண்ணி எந்தத் தீர்ப்பையும் படிக்கல.

18/ இப்போ நமக்கே கசக்கிற இடத்துக்கு வர்றேன். வேலையைப் பார்த்து ஊதியம்னு சொல்ற நாம, பக்கத்துல நிக்கிற சிஸ்டரைப் பார்த்திருக்கோமா? 2015-ல எம்ஆர்பி தேர்வு எழுதி ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் வேலைக்கு வந்தாங்க. தொகுப்பூதியம், மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பி வந்தவங்க. 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் வளாகத்துல உட்கார்ந்து போராடினாங்க.

19/ அதே வார்டு, அதே ஊசி, அதே நைட் டூட்டி. இங்க "முதலாளி வேற"ன்னு கூடச் சொல்ல முடியாது, ஒரே அரசு. 2016-ல பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிச்சு: தற்காலிகப் பணியாளரா இருந்தாலும், நிரந்தரப் பணியாளர் செய்யற அதே வேலையைச் செஞ்சா, அந்த ஊதிய விகிதத்தோட தொடக்க நிலையாவது கொடுக்கணும். இந்தத் தீர்ப்போட ஸ்க்ரீன்ஷாட் நம்ம குரூப்ல ஒரு தடவையாவது வந்திருக்கா? எனக்கு ஞாபகம் இல்லை.

20/ நான் கட்டைவிரலை எடுத்ததுக்குக் காரணம் இதுதான். நமக்குக் கீழ இருக்கறவன் கேட்கும்போது "வேலை வேற, சம்பளம் வேற"ன்னு கைதட்டறோம். நமக்கு மேல இருக்கறவனைப் பார்க்கும்போது "வேலை ஒண்ணுதானே"ன்னு கொடி பிடிக்கிறோம். நமக்குப் பக்கத்துல இருக்கறவன் கேட்கும்போது போனை கீழ வச்சுடறோம். நம்ம அளவுகோலை நாமளே இப்படி வளைச்சா, அரசு வளைக்குதுன்னு எப்படிக் கேள்வி கேக்கறது?

21/ அடுத்து, கமென்ட்ல எப்படியும் வரப்போற விஷயம். "உங்களுக்கென்ன சார், சாயங்காலம் க்ளினிக் இருக்கு."

நாட்றம்பள்ளி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில என் முகத்துக்கு நேராவே கேட்டிருக்காங்க. டூட்டி நேரத்துக்கு வெளிய ப்ராக்டிஸ் பண்ண தமிழ்நாட்டுல அனுமதி உண்டு. நிறைய பேர் பண்றாங்க, நிறைய பேர் பண்றதில்லை. ஒருத்தர் வெளிய சம்பாதிக்கிறதைப் பார்த்து உள்ள கொடுக்க வேண்டியதைக் குறைக்கலாம்னா, நிலம் வச்சிருக்கற வாத்தியாருக்கும் பாதிச் சம்பளம் போதுமே. டூட்டி நேரத்துல க்ளினிக்ல உட்கார்ந்திருக்கறவரைப் பிடிச்சா நடவடிக்கை எடுங்க, நான் முதல் ஆளா கைதட்டறேன். ஊதியப்பட்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

22/ "பீடி சுத்தற, தோல் ஷெட்ல நிக்கிற ஜனங்க இருக்கற ஊர்ல உங்களுக்கு இது பத்தாதா?" இந்தக் கேள்வி எனக்கு நிஜமாவே உறுத்தும். என் சம்பளம் அவங்களோடது மாதிரி பல மடங்கு. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா அரசு என்கிட்ட மிச்சம் பிடிக்கற பணம் அந்தப் பீடி சுத்தற அம்மா கைக்குப் போகல. அவங்க இழக்கறது வேற ஒண்ணு.

23/ என்னன்னு சொல்றேன். முன்ன ஒரு இடத்துல என் கூட வேலை பார்த்தவர் ஒருத்தர். நல்ல கை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினாலும் முகம் சுளிக்காம வருவார். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊதியப்பட்டை 4 வரும்போது பிள்ளை காலேஜ் முடிச்சிருக்கும். ராஜினாமா கொடுத்துட்டு ஹைவே ஏறி பெங்களூரு போயிட்டார். அந்த இடம் பல மாசம் காலி. அவரோட நைட் டூட்டியை மீதிப் பேர் பிரிச்சுக்கிட்டோம்.

24/ அந்த மாசங்கள்ல ஒரு ராத்திரி ஒரே நேரத்துல ரெண்டு கேஸ். பாம்புக்கடியும் விபத்தும். நான் ஒருத்தன். யாரை முதல்ல பார்க்கிறதுன்னு முடிவு பண்ணேன். ரெண்டு பேரும் பிழைச்சாங்க, ஆனா அதுக்கு முழுக் காரணம் நான் இல்லை, கூட இருந்த சிஸ்டர். தொகுப்பூதிய சிஸ்டர். நான் தையல் போட்டுட்டு இருந்தப்போ, மூச்சு திணறுது சார்னு சரியான நேரத்துல கூப்பிட்டது அவங்கதான். அந்த ராத்திரி எங்க ரெண்டு பேருக்குள்ள யாரோட வேலை "சமம்", யாரோடது "சமம் இல்லை"ன்னு கேட்டா நான் தலைகுனிஞ்சுதான் நிக்கணும்.

25/ சரி, என்ன செய்யணும்? அரசுக்கு மூணே கேள்வி.

ஒண்ணு: மத்திய அரசுல 4, 9, 13-ன்னு இருக்கறது இங்க 8, 15, 17, 20-ன்னு ஆனதுக்கு, வேலையோட தன்மையில என்ன காரணம்? எழுத்துல சொல்லுங்க. பணம் இல்லைங்கறதுதான் காரணம்னா அதையும் எழுத்துலயே சொல்லுங்க.

ரெண்டு: ஒரே நாள்ல முடியாதுன்னா எத்தனை கட்டமா, எந்த வருஷத்துக்குள்ள? தேதி கொடுங்க.

மூணு: ஒரே வார்டுல ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளம் எப்போ முடியும்?

26/ எங்க சங்கங்களுக்கு ஒரே கோரிக்கை. அடுத்த தடவை அரசாணை 354-க்காக உண்ணாவிரதம் உட்காரும்போது, கோரிக்கைப் பட்டியல்ல தொகுப்பூதிய நர்ஸ்களோட கோரிக்கையையும் சேருங்க. கடைசி வரியா இல்லை, நம்ம கோரிக்கைக்குப் பக்கத்துலயே. அப்பதான் பி.ஏ. பட் தீர்ப்பைக் கையில வச்சுக்கிட்டு "வேலையைப் பாருங்க"ன்னு பேசற தகுதி நமக்கு வரும்.

27/ ஆயுர்வேத நண்பர்களுக்கும் ஒண்ணு. அந்த வழக்குல நீங்க தோத்ததை வச்சு உங்களைக் கிண்டல் பண்ண குரூப்ல நானும் இருந்தேன். தீர்ப்போட முடிவுல எனக்கு இப்பவும் மாற்றுக் கருத்து இல்லை. கிண்டல் தப்பு. மன்னிச்சுக்குங்க.

28/ சட்டம் தெரிஞ்சவங்க நான் ஏதாவது தப்பா சொல்லியிருந்தா கமென்ட்ல சொல்லுங்க, திருத்திக்கறேன். சர்வீஸ்ல இருக்கறவங்க உங்க எஸ்.ஆர். புக்கை எடுத்து, சேர்ந்த தேதியில இருந்து 13 வருஷம் எப்போ முடியுது, 20 வருஷம் எப்போ முடியுதுன்னு ஒரு காகிதத்துல எழுதிப் பாருங்க. கூடவே உங்க வார்டு சிஸ்டர்கிட்ட அவங்க எந்த வருஷம் சேர்ந்தாங்க, இப்போ என்ன வாங்கறாங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு வந்து அந்த ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் கைதட்டணுமான்னு முடிவு பண்ணுங்க.

டூட்டிக்கு நேரமாச்சு. வர்றேன்.