கோழிப் படம் போட்ட வைன்

தங்கை மகன் துலூஸிலிருந்து மாசி மாதம் வந்திருந்தான். பையிலிருந்து ஒரு சிவப்பு வைன் புட்டியை எடுத்துக் கொடுத்தான். லேபிளில் சேவலும் கோழியும். பெயர் 'லா வியேய் ஃபெர்ம்'. "விலை கேக்காதீங்க மாமா, பத்து யூரோகூட ஆகலை" என்றான் கூச்சத்தோடு.

என் மனைவி அதைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைக்கப் போனாள். டிசம்பரில் மகன் வரும்போது திறக்கலாமாம். "பேர்லயே பழசுன்னு இருக்கே, வைக்க வைக்கத்தானே ருசி?"

நான் விடவில்லை. கோப்பு படித்தே காலம் தள்ளியவன். லேபிளையும் விடாமல் படிப்பேன். பழசு என்பது பண்ணைக்குச் சொன்னது, வைனுக்கு அல்ல. இதைச் செய்கிறவர்கள் தென் பிரான்சில் ரோன் நதிப் பக்கத்துப் பெரேன் குடும்பத்தார். ஷாத்தோநெஃப்-து-பாப்பில் அவர்களுடைய போகாஸ்தெல் தோட்டத்தின் கதை 1549-க்குப் போகிறது. 1909-ல் ஒருவர் அதை வாங்க, பிறகு மருமகன் பெரேன் கைக்கு வந்து, இன்றுவரை அந்த வீட்டிலேயே இருக்கிறது. (மருமகன் பெயர் நிலைத்த சொத்து!) போகாஸ்தெல் வைன் பல வருஷம் வைத்துக் குடிக்கிற வகை, நம் பென்ஷனுக்கு எட்டாது. கோழிப் படத்து வைன் 1970-ல் தொடங்கியது. சுற்றுவட்டார விவசாயிகளிடம் வாங்கும் கிரெனாஷ், சிரா, கரிஞ்ஞான், சின்சோ பழங்களைச் சேர்த்து, சீக்கிரம் குடித்துவிடத்தான் செய்கிறார்கள். துவர்ப்பு குறைவு, பழ வாசம் அதிகம். வைத்தால் அந்த வாசம்தான் முதலில் போகும். டிசம்பருக்குள் நமக்குச் சித்திரை, வைகாசி வேறு இருக்கிறது.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், என் பெரியப்பா. சைகோனில் சொல்தாவாக இருந்து ஊர் திரும்பியவர். யாரோ கொண்டுவந்து கொடுத்த சாதாரண சிவப்பு வைன் ஒன்றை, மார்சேயில் இருந்த மகன் வரட்டும் என்று வைத்திருந்தார். லீவு கிடைக்கவில்லை, குழந்தை பிறந்தது என்று ஒன்பது வருஷம் போய்விட்டது. ஓட்டு வீடு, அலமாரிக்குப் பின்னால் மேற்கு வெயில் விழும் சுவர். அண்ணன் வந்த அன்று பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திறந்தார். கார்க் பொடிப் பொடியாக வந்தது. எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். சுத்தமான காடி.

அண்ணன் குடித்துவிட்டு "நல்லாயிருக்குப்பா" என்றார். பெரியப்பாவும் "ம், நல்லாத்தான் இருக்கு" என்றார். இருவரும் கிளாஸைக் காலி செய்தார்கள். அதற்குப் பிறகு பெரியப்பா மகனைப் பார்க்கவில்லை.

விலை உயர்ந்ததை வைத்துக் கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். பத்து யூரோ புட்டிக்கு அந்த மரியாதை செய்தால் அதைக் கெடுக்கிறோம் என்பதே என் கட்சி.

அன்று ராத்திரியே திறந்தோம். இதற்குக் கார்க் கிடையாது, திருகு மூடிதான். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். சிவப்பு வைனை 'ஷாம்ப்ரே', அதாவது அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று பிரெஞ்சுக்காரன் சொன்னது அவன் ஊர் அறையை நினைத்து. பதினெட்டு டிகிரி அறை புதுச்சேரியில் யார் வீட்டில் இருக்கிறது? மீன் குழம்பின் புளிக்கு ஒத்துவராது. மிளகு குறைத்துப் போட்ட ஆட்டுக்கறி வறுவலுக்குச் சரியாக இருந்தது. மனைவி இரண்டு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்லை" என்றாள்.

மகனுக்கு போன் போட்டேன். டிசம்பரில் வரும்போது அவனே ஒன்று வாங்கி வரட்டும். கோழிப் படத்தை அடையாளம் சொல்லியிருக்கிறேன்.