நோக்கத்தை நிறுக்கும் நீதி

நியாயஸ்தலம் என்றால் அங்கே சட்டம் ஒன்றுதான் பேசும், ஜட்ஜுக்குச் சொந்தப் பற்று ஒன்றும் கிடையாது என்று பாமர மக்கள் மாத்திரமல்லாமல் படித்தவர்களுங்கூட நம்பி வருகின்றார்கள். இந்த நம்பிக்கையின் யோக்கியதை என்ன என்பதற்கு ஜெர்மனி தேசத்து மியூனிக் நகரத்தில் நடந்த மூன்று வழக்குகளே போதுமானவையாகும்.

1919 பிப்ரவரியில் பவேரியாவின் பிரதம மந்திரி குர்ட் ஐஸ்னர் என்ற சமதர்மவாதியை ஆர்கோ என்னும் பிரபு நடுத்தெருவில் சுட்டுக் கொன்றான். 1920 ஜனவரியில் அவனுக்கு மரண தண்டனை சொன்ன கோர்ட்டு, அவன் செய்கை இழிவான எண்ணத்தால் ஆனதல்ல, தேசத்தின்மீது கொண்ட பற்றினால் ஆனது என்றும் சேர்த்துச் சொல்லிற்று. மறுநாளே தண்டனை ஆயுள் காவலாகக் குறைந்தது. 1924ல் ஆசாமி வெளியே வந்துவிட்டான்.

அதே நகரத்தில் பொதுவுடைமைக்காரரான லெவினே மீது சாட்டப்பட்டது கொலைக் குற்றமல்ல, இராஜத்துரோகம். அவருடைய எண்ணம் மானங்கெட்டது என்று கோர்ட்டு தீர்மானித்தது. 1919 ஜூன் 3ந் தேதி தீர்ப்பு. 5ந் தேதி சுட்டுக் கொன்றாய்விட்டது. அது இராணுவச் சட்டக் காலம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால், கொலை செய்தவனுடைய எண்ணம் உயர்ந்தது, கொலைக் குற்றமே சாட்டப்படாதவருடைய எண்ணம் இழிந்தது என்று எந்த இராணுவச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்கின்றோம்.

மூன்றாவது ஆசாமி ஹிட்லர். 1923 நவம்பரில் அவன் நடத்திய கலகத்தில் போலீஸ்காரர்கள் நால்வர் மாண்டார்கள். அவன் மீதும் அதே இராஜத்துரோகக் குற்றந்தான். கிடைத்ததோ ஐந்து வருஷக் காவல். அன்னியனைத் தேசத்தைவிட்டு வெளியேற்ற வேண்டுமென்று சட்டம் இருந்தும், ஜெர்மானிய உணர்ச்சியுள்ள இவனுக்கு அது பொருந்தாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. 1924 ஏப்ரல் 1ந் தேதி தண்டிக்கப்பட்டவன் டிசம்பர் 20ந் தேதி விடுதலையானான். ஆர்கோவை விசாரித்த நைட்ஹார்ட் என்ற ஜட்ஜே இவனையும் விசாரித்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

ஏதோ ஒரு ஜட்ஜின் கோளாறு என்று தள்ளிவிடலாமா? கும்பல் என்ற கணித ஆசிரியர் 1922ல் கணக்கெடுத்து வெளியிட்டார். வலதுசாரிகள் செய்த அரசியல் கொலைகள் 354. அவற்றில் தண்டனையே இல்லாமல் போனவை 326. இடதுசாரிகள் செய்தவை 22. தண்டனையில்லாமல் போனவை நான்கே. ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

காரணம் இரகசியமானதல்ல. 1918ல் கெய்சர் ஓடிப்போனான். கெய்சர் நியமித்த ஜட்ஜுகள் ஓடவில்லை. குடியரசு அவர்களை அதே நாற்காலிகளில் உட்கார வைத்து, அதற்கு "நீதியின் சுதந்திரம்" என்று பெயரும் வைத்தது. குடியரசை வெறுத்தவர்கள் கையிலேயே குடியரசைக் காப்பாற்றும் வேலையைக் கொடுத்தால், பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகாமல் வேறென்ன ஆகும்?

இடதுசாரிக் கொலைகாரர்களையும் சும்மா விட வேண்டுமென்பது நமது வாதமல்ல. குத்துப்பட்டவனுக்குக் கத்தியின் கட்சி தெரியாது. என்ன செய்தான் என்று பார்க்க வேண்டிய ஜட்ஜு, யாருக்காகச் செய்தான் என்று பார்க்கத் துணிந்தால், அவர் நீதிபதியல்ல, கட்சிக்காரரேயாவார். தேசபக்தியோ, மதபக்தியோ, சமதர்மமோ, எதுவும் கொலைக்குத் தள்ளுபடிச் சீட்டாகக் கூடாது.

கோர்ட்டு செல்லம் கொடுத்து அனுப்பிய கைதி 1933ல் அதிகாரத்திற்கு வந்தான். கணக்கெடுத்துச் சொன்ன கும்பலின் பிரஜா உரிமை அதே வருஷம் பறிக்கப்பட்டது. ஆகவே தோழர்களே! எந்த நாட்டிலாவது அரசியல் கொலை வழக்கில் "உயர்ந்த நோக்கம்" என்ற பேச்சு கோர்ட்டில் கேட்குமானால், அது இன்னொரு கட்சியானுக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதற்கு நீதி என்று பெயரில்லை.