கணக்குக்கும் ஒரு மணி நேரம் கதவடைப்போம்

வருஷ முடிவில் சரக்கு இருப்பு எடுக்கும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எடுப்பது நம் வழக்கம். ஒரு பக்கம் மூட்டையை எண்ணிக்கொண்டிருக்க, மறுபக்கம் மூட்டை வெளியே போனால் எந்த இருப்பும் சரிவராது. ஆனால் கம்ப்யூட்டர் கணக்கைச் சீர்செய்ய ஆள் வந்தால் மட்டும், "வியாபாரம் கெடும், பில் பாட்டுக்கு ஓடட்டும்" என்கிறோம். இது முறையல்ல.

கல்லா, குடோன், கணக்குப்பிள்ளை மேஜை எனக் கம்ப்யூட்டர்கள் பல இருந்தாலும் அவை எழுதுவது ஒரே பேரேட்டில்தான். அதைச் சீர்செய்யும்போது ஒருவர் மட்டுமே உள்ளே இருக்கும்படி பூட்ட வழியுண்டு. மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் இதற்கு 'சிங்கிள் யூசர்' நிலை என்று பெயர். இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, எல்லோரையும் திடீரென வெளியேற்றினால் பாதியில் நிற்கும் பில் பதிவாகாது. கால்மணி நேரம் முன்பே சொல்லி, கையிலுள்ள பில்லை முடிக்கச் செய்ய வேண்டும். இரண்டு, உள்ளே இருப்பது ஒரே இடம். குடோன் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டால் சீர்செய்ய வந்தவரே வெளியே நிற்பார். மூன்று, அவர் வேலை முடித்துப் புறப்பட்டாலும் பூட்டு தானாகத் திறக்காது. எல்லாக் கல்லாவிலும் கணக்குத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அவரை அனுப்ப வேண்டும்.

பூட்டுவது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. வேலை தொடங்குமுன் கணக்குக்கு ஒரு நகல் எடுத்துத் தனியே வைப்பது அவசியம்.

நேரத்தை நாம்தான் குறிக்க வேண்டும். இரவு கடை அடைத்த பிறகு செய்வது உத்தமம். மாதந்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்வோருக்கு 11-ஆம் தேதி கடைசி நாள், அதையொட்டி வேண்டாம். பகலில் செய்தே தீர வேண்டுமானால் கைப்பில் புத்தகம் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை எண்களில் பில் போட ஜி.எஸ்.டி. விதி 46 இடம் தருகிறது. கைப்பில்லுக்குத் தனி வரிசை வைத்து, பிறகு கணக்கில் ஏற்றிவிடலாம்.

ஒரு மணி நேர வியாபாரத்தை மறுநாள் பிடித்துவிடலாம். யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு கலைந்துவிட்டால், எந்தச் சிட்டையைக் காட்டி வசூலுக்குப் போவோம்? ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை முகம் கோணாமல் கொடுப்போம்.