திண்ணையுள்ள அடுக்ககம்

நுழையும்முன்

உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றனுள் ஒருமுறை அமைத்தபின் எளிதில் மாற்ற இயலாதது உறைவிடமே. பிழைபட எழுப்பிய கட்டடத்தின் சுமையை இரண்டு தலைமுறைகள் தாங்க நேரிடும். ஊர்கள் மேல்நோக்கி வளரும் இக்காலத்தில், அடுக்ககம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மாடிகளின் தேவை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மக்களுள் 48.4 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். குடும்பத்திற்கு ஒரு மனை என நிலத்தைக் கூறுபோட்டுக்கொண்டே சென்றால் வயலும் குளமும் எஞ்சா. ஆகவே, அடுக்ககங்கள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், பெருநகரக் கட்டடம் ஒன்றன் வரைபடத்தை அவ்வாறே எடுத்துவந்து பழனியிலும் திண்டுக்கல்லிலும் நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. கட்டடம் நிற்கும் மண்ணையும் அதில் வாழும் மனிதரையும் அறிந்தே அதனை வடிவமைத்தல் வேண்டும்.

பாலசமுத்திரம் கற்பிப்பது

பழனியை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் பாலசமுத்திரம். பாலாறு-பொருந்தலாறு அணை இதன் அருகில் உள்ளது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று இவ்வட்டாரத்தில் வலிமையாக வீசும். பிற்பகல் வெயில் சுவரைச் சுடுவதும் அதே மேற்குத் திசையிலிருந்துதான். மேற்கை முழுவதும் அடைத்தால் காற்றை இழக்க நேரிடும். முழுவதும் திறந்தால் அனலை ஏற்க நேரிடும்.

இச்சிக்கலுக்கு நம் முன்னோர் விடை கண்டிருந்தனர். தாழ்ந்த ஓட்டுத் தாழ்வாரம் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட்டது. முற்றத்தின் வழியே வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேற, அறைகளுக்குள் புதுக்காற்று புகுந்தது. திண்ணையோ நிழலுக்கு மட்டும் உரியதன்று. முதியோர் அமர்ந்து தெருவோடு உறவாடவும், வழிப்போக்கர் இளைப்பாறவும் அதுவே இடமாயிற்று. இன்றைய அடுக்ககங்கள் பலவற்றில் நிழலற்ற கண்ணாடிச் சாளரமும் மெல்லிய சுவரும் வெப்பத்தை உள்ளே வரவழைக்கின்றன; அதனை வெளியேற்றக் குளிரூட்டி ஓயாது இயங்குகிறது. கதவை அடைத்தபின், எதிர்வீட்டில் வாழ்பவர் யாரென அறியவும் வாய்ப்பில்லை.

உயரத்திலும் நிழல்

பழைய அமைப்பை மாடிகளில் கையாள இயலுமா என்னும் வினாவிற்கு மும்பையின் காஞ்சன்ஜங்கா அடுக்ககம் விடை தருகிறது. கட்டடக்கலைஞர் சார்லசு கொரியா வடிவமைத்த இக்கட்டடம் 1983ஆம் ஆண்டு நிறைவுற்றது. மும்பையிலும் கடற்காற்று மேற்கிலிருந்தே வருகிறது. மாலை வெயிலும் பருவமழைச் சாரலும் அத்திசையிலேயே தாக்குகின்றன. அவர் மேற்கை அடைக்கவில்லை. வீடுகளின் மூலைகளில், இரண்டு தள உயரமுள்ள தோட்ட முகப்புகளை உள்வாங்கி அமைத்தார். பழைய தாழ்வாரத்தின் பணியை அவை வானளாவிய உயரத்தில் செய்கின்றன.

அது செல்வர் வாழும் கட்டடம். எளியோருக்கான எடுத்துக்காட்டு, பாலகிருஷ்ண தோஷி இந்தூரில் வடிவமைத்த அரண்யா குடியிருப்பு. அங்குள்ள வீடுகளின் முன் திண்ணை போன்ற மேடைகள் உண்டு. தம் வருவாய் உயர உயர வீட்டைப் பெருக்கிக்கொள்ள மக்களுக்கு வாய்ப்பும் உண்டு. கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2018ஆம் ஆண்டு பெற்ற தோஷியே அதனைப் பெற்ற முதல் இந்தியர். தமிழ்நாட்டு எல்லைக்குள், ஆரோவில்லின் விகாஸ் குடியிருப்பில் நான்கு தளக் கட்டடம் ஒன்று, தன் அடித்தளத்திற்குத் தோண்டிய மண்ணைக்கொண்டே எழுப்பப்பட்டது. மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு சேர்த்து அழுத்திச் செய்யும் அக்கற்களுக்குச் சூளை நெருப்பு தேவையில்லை.

வாழ்விற்கு அருகில் வீடு

சுவரும் காற்றும் செம்மையாக அமைந்தால் போதுமா? சென்னையின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்தில் எழுந்த எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. உறுதியான கூரை கிடைத்தது. ஆனால், வீட்டுவேலையும் சிறுவணிகமும் செய்தோருக்குப் பிழைப்பிடம் தொலைவாயிற்று. நாள்தோறும் பேருந்தில் கழியும் மணிகளும், பயணத்தில் கரையும் கூலியும் வீட்டின் விலையில் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டியவை. பணியிடமும் பள்ளியும் மருத்துவமனையும் எட்டும் தொலைவில் இருத்தல் மனிதரை மையப்படுத்திய வடிவமைப்பின் முதற்கூறாகும்.

இவற்றுக்கெல்லாம் செலவு மிகுமே என்பர் சிலர். நீண்ட சுவர்களை வடக்கும் தெற்கும் நோக்க அமைப்பதற்கும், எதிரெதிரே சாளரம் வைப்பதற்கும் வரைபடத்தில் வேண்டுவது சிந்தனையே. சாளரத்தின்மேல் அகன்ற சாய்ப்பும், தளந்தோறும் பொதுத் திண்ணையும் சிறிது பொருள் கோரும் என்பது உண்மை. ஆயினும், ஆண்டுதோறும் குறையும் மின்கட்டணம் அதனை ஈடுசெய்ய உதவும். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு அனைத்துக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோதும் தயக்கம் எழுந்தது. இன்று அது கட்டடப் பணியின் இயல்பான பகுதியாகிவிட்டது. நிழலும் காற்றோட்டமும் அவ்வாறே விதியாதல் வேண்டும்.

இன்று பதினொன்றாம் வகுப்பில் பயில்வோருள் சிலர் நாளைய கட்டடக்கலைஞர். பலர் வீடு வாங்குவோர். வீட்டின் பரப்பையும் விலையையும் கேட்பதோடு அவர்கள் நின்றுவிடலாகாது. பிற்பகல் வெயில் எங்கே விழும், மின்சாரம் நின்றால் காற்று எவ்வழி வரும், மின்தூக்கி பழுதுற்றால் மேல்தளத்து முதியவர் எவ்வாறு இறங்குவார் என்றும் கேட்க வேண்டும். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், கட்டுவோர் விடை சொல்லியே ஆகவேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் பழைய வீடு ஒன்றையும் புதிய அடுக்ககம் ஒன்றையும் பிற்பகலில் பார்வையிட்டு, நிழல், காற்றோட்டம், பொது இடம் ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதுக.